அப்பா ஆஞ்சியோ ரிப்போர்ட்ல "கடுமையான கால்சியம்", பலூன் விரியாதாம். டிரில்லா, ஷாக்கா, பைபாஸா?

கொருக்குப்பேட்டை_கேட் | ஞாயிறு, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயசு. முப்பது வருஷமா ஆட்டோ ஓட்டுறார். சர்க்கரை வந்து 18 வருஷம் ஆச்சு. பீடியை விட்டு நாலு வருஷம்தான். ரெண்டு மாசமா ஸ்டேஷன் படிக்கட்டு ஏறுனா நெஞ்சு மேல அம்மிக்கல் வச்ச மாதிரி அழுத்துது, நின்னா போயிடுதுன்னார். கேஸ்னு ஜெலுசில் குடிச்சே ஒரு மாசம் ஓட்டிட்டார்.

போன வாரம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ எடுத்தாங்க. எல்.ஏ.டி.ன்னு சொல்ற இடது முன்குழாய்ல 90 சதவீதம் அடைப்பு, கடுமையான கால்சியம்னு எழுதியிருக்கு. வலது குழாய்ல 50. கிட்னிக்குப் பாக்கற ரத்த டெஸ்ட், கிரியாட்டினின் 1.7. டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் பேசினார். "கால்சியம் கல்லாட்டம் இருக்கு, சாதாரண பலூன் விரியாது. உள்ள டிரில் பண்ணணும், இல்லன்னா ஷாக்வேவ் வச்சு உடைக்கணும், இல்லன்னா பைபாஸ்." அப்புறம் கவுன்ட்டர்ல ஒரு சீட்டு குடுத்தாங்க. ஷாக்வேவ் பலூன் ஒன்னுக்கு மட்டும் எழுதியிருந்த தொகை, ஸ்டென்ட் விலையைவிட பல மடங்கு.

மூணு வருஷம் முன்னாடி கை உடைஞ்சப்ப அப்பா ஆறு மாசம் கால்சியம் மாத்திரை சாப்பிட்டார். அதுதான் போய் படிஞ்சிடுச்சா? அம்மா இன்னிக்கு காலையிலேருந்து பாலையே நிறுத்திட்டாங்க. இதயத்துக்குள்ள டிரில்லுன்னா கேக்கவே பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லோகோ_ஒர்க்ஸ்_ஓய்வு | திங்கள், காலை 5:40

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பாய்லர் பிரிவில் இருந்தவன். நீராவி இன்ஜின் டியூபுகளில் உப்புப் படிந்து ஓடு மாதிரி ஆகிவிடும். தட்டி எடுப்போம், அல்லது ஆசிட் விட்டுக் கழுவுவோம். நம் பக்கத்து போர் தண்ணீருக்கு வீட்டு ஹீட்டர் காயிலே ஆறு மாதத்தில் வெள்ளையாகிவிடுகிறதே, அதே கதைதான். ரத்தக் குழாய்க்கும் அப்படி ஏதாவது மருந்து விட்டுக் கரைத்துவிட முடியாதா என்று எனக்கும் ஒரு சந்தேகம். விவரம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாக பைபாஸ் நடந்தது நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். 1975, டாக்டர் கே.எம். செரியன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஷாப் முழுக்க அதே பேச்சு. ஆகவே பைபாஸ் என்றதும் நடுங்க வேண்டாம்.

இயற்கை_வழி_63 | திங்கள், காலை 8:15

ஐயா சரியான இடத்துக்கு வந்துட்டார். கரைக்க வழி இருக்கு. ஈ.டி.டி.ஏ. டிரிப். கால்சியத்தைப் பிடிச்சு சிறுநீர்ல வெளிய தள்ளிடும். 30 தடவை போடணும். கத்தியும் இல்ல, கம்பியும் இல்ல. என் சித்தப்பா போட்டுக்கிட்டு இப்ப மெரினால நடக்கிறார். ஸ்டென்ட் கம்பெனிக்காரங்க இதை வெளிய வர விடமாட்டாங்க.

கேத்லேப்_காளி | திங்கள், மதியம் 2:30

நைட் டூட்டி முடிச்சு தூங்கி எழுந்து பாத்தா இழை இந்தப் பக்கம் போயிருக்கு. நான் டாக்டர் இல்ல, ஆஞ்சியோ, ஸ்டென்ட் பண்ற கேத் லேப்ல டெக்னீஷியன், பதினொரு வருஷமா. பொறந்தது புதுவண்ணாரப்பேட்டை. பாத்ததைச் சொல்றேன்.

லோகோ ஐயா, உங்க உதாரணம் எல்லாரும் சொல்றதுதான், ஆனா அங்கதான் தப்பு தொடங்குது. பாய்லர் டியூப்ல உப்பு உள்பக்கமா மேல ஒட்டுது. தண்ணி அதைத் தொட்டுக்கிட்டே ஓடுது, அதனால ஆசிட் விட்டா கரையும். ரத்தக் குழாய்ல கால்சியம் அப்படி ஒட்டியிருக்காது. சுவருக்குள்ள இருக்கு. மேல ஒரு தோல், அதுக்குக் கீழ கொழுப்பு, அழற்சி, அதுக்கு நடுவுல காரை கட்டின மாதிரி கால்சியம். சுவர்ல இருக்கற செல்லுங்களே எலும்பு செல் மாதிரி வேலை பாக்க ஆரம்பிச்சிடும். பைப்புக்குள்ள படிஞ்ச உப்பு இல்ல ஐயா, பைப்பே பாதி சிமெண்ட் ஆயிடுச்சு.

அதனால கேட் தம்பி, கால்சியம் மாத்திரையும் பாலும் இதைப் பண்ணல. சர்க்கரை, பீடி, பிரஷர், வயசு, கிட்னி, இதுங்கதான் காரணம். அம்மாகிட்ட பாலைத் திரும்ப வாங்கச் சொல்லு.

அப்புறம், நாங்க கால்சியத்தை வெளிய எடுக்கறதே இல்ல. எல்லாரும் தப்பா நினைக்கறது இதைத்தான். அதை விரிசல் விட வைக்கறோம், இல்ல கொஞ்சம் சுரண்டி வழி பண்றோம். எதுக்கு? ஸ்டென்ட் முழுசா விரியறதுக்கு. அவ்ளோதான். ஸ்டென்ட் ஒரு வலை. வெளிய காரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா நடுவுல இடுப்பு சுருங்கின மாதிரி நிக்கும். அந்த எடத்துல நாளைக்கு ரத்தம் உறையும், இல்ல மறுபடி அடைக்கும். வச்ச ஸ்டென்ட்டைக் கழட்ட முடியாது. அதான் வைக்கறதுக்கு முன்னாடியே இவ்ளோ பாடு.

ஆட்டோக்காரர் புள்ளைதானே, கணக்கு சொல்றேன். ஆட்டோ டயருக்கு 30 பவுண்டு காத்துன்னா அது சுமார் ரெண்டு அட்மாஸ்பியர். நாங்க அழுத்தமான பலூனை 18, 20 வரைக்கும் ஏத்துவோம். உங்க டயரைவிட பத்து மடங்கு. அதுக்கும் அசையாத கால்சியம் இருக்கு. மேல ஏத்திக்கிட்டே போனா கால்சியம் இல்லாத பக்கத்துச் சுவர் கிழிஞ்சிடும். பொம்மை பலூனை ஒரு பக்கம் கையால அழுத்திக்கிட்டு ஊதிப் பாரு, இன்னொரு பக்கம்தான் புடைக்கும்.

டிரில், ஷாக் பத்தி ராத்திரி எழுதறேன். புள்ளைய டியூஷன்லேருந்து கூட்டிட்டு வரணும்.

வியாசர்பாடி_கலா | திங்கள், மாலை 6:05

அண்ணா, சுவருக்குள்ளன்னு சொன்னீங்களே, எங்க அம்மாவுக்கு கால்லயே அப்படித்தான். அஞ்சு வருஷமா டயாலிசிஸ். கட்டைவிரல்ல புண் வந்து ஆறவே இல்ல. ஒரு கிளினிக்ல கைக்கும் காலுக்கும் பிரஷர் பாத்து, கால் பிரஷரைக் கை பிரஷரால வகுத்தா 1.5 வருது, ரத்த ஓட்டம் சூப்பர்னு அனுப்பிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு விரல் கறுத்துப் போச்சு. அப்புறம் பாத்த டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டினார். கணுக்கால்ல ரத்தக் குழாய் ரெண்டு வெள்ளைக் கோடா, அச்சு அசலா தண்டவாளம் மாதிரி தெரிஞ்சுது. குழாய் விறைச்சுப் போனதால பிரஷர் பட்டை அழுத்தியும் நசுங்கல, அதனாலதான் நம்பர் கூடக் காட்டியிருக்குன்னார். 1.4க்கு மேல வந்தா சந்தோஷப்படக் கூடாதாம், கால் விரல்லயே தனியா அழுத்தம் பாக்கணுமாம்.

விரல் ஒன்னு போச்சு. கால் நிக்குது. சர்க்கரைக்காரங்க வீட்ல இருக்கறவங்க இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

கேத்லேப்_காளி | திங்கள், இரவு 10:20

கலாம்மா, கேக்கவே கஷ்டமா இருக்கு. உங்க அம்மாவுக்கு இருக்கறது கொஞ்சம் வேற வகை. இதயக் குழாய்ல கால்சியம் உள் அடுக்கு கொழுப்போட சேர்ந்து வரும். சர்க்கரை, கிட்னிக்காரங்களுக்குக் கால்ல நடு அடுக்குலயே கட்டும். அடைப்பே இல்லாமகூட குழாய் விறைச்சு நிக்கும். ரெண்டும் சேர்ந்தே வர்றதும் உண்டு.

இப்ப டிரில். ரோட்டான்னு சொல்லுவோம். ஆலிவ் காய் வடிவத்துல ஒரு சின்ன முனை, ஒன்னேகால், ஒன்றரை மில்லிமீட்டர் குறுக்களவு. முன்பக்கம் பூரா வைரத் துகள் பதிச்சிருக்கும். முடி மாதிரி ஒரு கம்பி மேல போகும். நைட்ரஜன் சிலிண்டர் காத்துல டர்பைன் சுத்தும். நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்து கணக்கு. முதல் தடவை அந்த சத்தம் கேட்டப்ப பல் டாக்டர் ரூம் ஞாபகம்தான் வந்துச்சு. எங்க சீனியர் டாக்டர் ஸ்கிரீனைவிட அந்த சத்தத்தைத்தான் கவனிப்பார். சுருதி இறங்குச்சுன்னா முனை ஏதோ ஒன்னுல மாட்டி சிரமப்படுதுன்னு அர்த்தம், உடனே பின்னால இழுத்துடுவார். ஒரு தடவைக்கு 15, 20 நொடிக்கு மேல ஓட்ட மாட்டாங்க.

சுவர் கிழியாதான்னு எல்லாரும் கேப்பாங்க. உப்புத்தாளை எடுத்து நகத்துல தேய்ச்சுப் பாரு, உள்ளங்கைல லேசா தேய்ச்சுப் பாரு. வளைஞ்சு குடுக்கறது தப்பிக்கும், வளையாதது தேயும். தேஞ்சு வர்ற தூள் ரத்த சிவப்பணுவைவிடச் சின்னது, ரத்தத்தோட ஓடிப் போயிடும். ஆனா தூள் ஒரேயடியா சேர்ந்தா கீழ்க் குழாய்ல ஓட்டம் மந்தமாகும், அதுக்குத்தான் விட்டு விட்டு ஓட்டறது. கிழியவே கிழியாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அபூர்வமா நடக்கும். கை பழகின ஆள் செய்யணும்.

ஷாக்வேவ் கிட்னி கல் உடைக்கற அதே தத்துவம். 1980ல ஜெர்மனி மியூனிக்ல முதல்ல மனுஷனுக்குக் கல்லை உடம்புக்கு வெளியிலேருந்து உடைச்சாங்க. அதையே சின்னதாக்கி பலூனுக்குள்ள வச்சிருக்காங்க. பலூனை நாலு அட்மாஸ்பியர் மட்டும், சுவரைத் தொடற அளவுக்கு ஊதுவாங்க. உள்ள சின்ன மின்பொறி வெடிக்கும், குமிழி வரும், அதிலேருந்து அழுத்த அலை கிளம்பும். அந்த அலையோட அழுத்தம் மட்டும் 50 அட்மாஸ்பியர் கிட்ட. மெத்துனு இருக்கற சதை வழியா போயிடும், கெட்டியானதுல மோதி விரிசல் விடும். நொடிக்கு ஒன்னு, பத்து அடிச்சதும் பலூனை இறக்கி ரத்தத்தை ஓட விடுவோம். பழைய மாடல்ல மொத்தம் 80 அடி, புதுசுல 120. சில பேருக்கு ஒவ்வொரு அடிக்கும் இதயம் கூடவே துடிக்கும். மானிட்டர்ல பாத்தா முதல்ல பக்குனு இருக்கும், நிறுத்தினா சரியாயிடும். அமெரிக்காவுல இதயக் குழாய்க்கு இதை 2021ல அனுமதிச்சாங்க. கம்பெனியை 2024ல ஜான்சன் அண்ட் ஜான்சன் 1,300 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கிடுச்சு. விலை ஏன் அப்படி இருக்குன்னு இதுலயே புரியும்.

ஒரு சிக்கல் இருக்கு. ஷாக்வேவ் பலூன் அடைப்புக்குள்ள நுழைஞ்சாதான் வேலை. உங்க அப்பாவுக்கு 90ன்னா அது நுழையுமான்னே தெரியாது. நுழையலன்னா முதல்ல ரோட்டா போட்டு வழி பண்ணிட்டுத்தான் ஷாக். சில நேரம் ரோட்டா போட்டதுமே சாதா பலூன் விரிஞ்சிடும், ஷாக் தேவையே இருக்காது. பாக்காமலே சீட்டுல ஷாக்வேவ்னு எழுதிட்டாங்கன்னா, "உள்ள கேமரா விட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாமா சார்"னு கேளு. தப்பே இல்ல.

இயற்கை_வழி_63 | திங்கள், இரவு 11:01

எல்லாம் மெஷினு, காசு. என் சித்தப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் பதில் சொல்லல.

ராயபுரம்_பொதுமருத்துவர் | செவ்வாய், காலை 7:10

நான் சொல்கிறேன். இதய நிபுணர் இல்லை, 26 ஆண்டு கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ்.

ஈ.டி.டி.ஏ.வை யாரும் ஒளித்து வைக்கவில்லை, அமெரிக்க அரசே பணம் போட்டு இரண்டு முறை சோதித்தது. 2013இல் வந்த முதல் ஆய்வில், 1,708 பேரில், சிறிய பலன் மாதிரி ஒன்று தெரிந்தது, அதிலும் சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாக. அதைச் சரிபார்க்கவே, ஏற்கெனவே மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் 1,000 பேரை வைத்து இரண்டாம் ஆய்வு. 40 டிரிப் திட்டம். 2024இல் முடிவு வந்தது: மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. ரத்தத்தில் ஈயம் குறைந்தது, அவ்வளவுதான். உங்கள் சித்தப்பா நடப்பது மகிழ்ச்சி. அவர் கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கிரியாட்டினின் 1.7 உள்ளவருக்கு இந்த டிரிப்பை யாராவது போடுகிறேன் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வேகமாக ஏற்றினால் ரத்தக் கால்சியம் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்து.

காளி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கால்சியம் என்று எழுதியிருந்தாலே எல்லோருக்கும் மெஷின் வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 2,000 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோட்டாவின் தம்பி மாதிரியான சுழல் கருவி, மறுபாதிக்கு வெறும் பலூன் என்று செய்து பார்த்தார்கள். ஓராண்டு கழித்து வித்தியாசம் இல்லை. ஆனால் கவனியுங்கள், பலூனே போகாது என்று டாக்டருக்குத் தோன்றியவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. பலூன் விரியும் இடத்தில் பலூன் போதும், விரியாத இடத்துக்குத்தான் கருவி.

பைபாஸ் பற்றி: சர்க்கரையோடு பல குழாய்களில் கடும் அடைப்பு இருந்தால் பைபாஸே நல்லது, 2012லேயே பெரிய ஆய்வு காட்டிவிட்டது. இவருக்கு ஒன்று 90, இன்னொன்று 50. இது நடுவாந்திரம். ஸ்டென்ட் வைப்பவரும் அறுவை செய்பவரும் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கேஸ்.

மணலி_ஷிப்ட் | செவ்வாய், மதியம் 1:44

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் டாக்டர். கம்பெனி செக்கப்ல சி.டி. ஸ்கேன் எடுத்து இதயக் குழாய் கால்சியம் ஸ்கோர் 210 வந்துச்சு. வயசு 51. அட்டோர்வாஸ்டாட்டின் போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு நானே காசு கட்டி எடுத்தா 290. மாத்திரையால ஏறிடுச்சுன்னு நிறுத்திட்டேன்.

ராயபுரம்_பொதுமருத்துவர் | செவ்வாய், மதியம் 3:20

மணலி தம்பி, இன்றைக்கு ராத்திரியே திரும்ப ஆரம்பியுங்கள். ஸ்டாட்டின் கொழுகொழுவென்று இருக்கும் கொழுப்புக் கட்டியை இறுக்கிக் கெட்டியாக்குகிறது. கெட்டியானால் ஸ்கோர் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். உடைந்து மாரடைப்பு தருவது பெரும்பாலும் அந்தக் கொழுகொழு கட்டிதான். ஸ்கோர் எடுப்பது மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க அல்ல. அதற்கு ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பின் அளவைப் பார்த்தால் போதும்.

கொருக்குப்பேட்டை_கேட் | வியாழன், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. காளி அண்ணா, நீங்க சொன்ன மாதிரி கேமரா விட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். "யூடியூப் பாத்துட்டு வந்தியா"ன்னு கேட்டாங்க. சரின்னு ஆஞ்சியோ படம் பதிஞ்ச சி.டி. டிஸ்க்கைக் கேட்டா ரெண்டு நாள் இழுத்தடிச்சாங்க. முதல்ல சிஸ்டம் டவுன், அப்புறம் இன்சார்ஜ் லீவு. நேத்து அத்தை வந்து கவுன்ட்டர் முன்னாடி உக்காந்துட்டாங்க. பத்து நிமிஷத்துல சி.டி. வந்துடுச்சு.

கேத்லேப்_காளி | வியாழன், இரவு 10:02

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லு. சி.டி. உன் அப்பாவோடது, கேட்டு வாங்கறது உரிமை. இப்ப அதை எடுத்துக்கிட்டு வேற ரெண்டு எடத்துல காட்டு. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, இருதயப் பிரிவு ஓ.பி.க்குக் காலைலயே போயிடு. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா, ரோட்டா அதுல எப்படி வருதுன்னு காப்பீட்டு கவுன்ட்டர்ல அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடு. ஸ்டென்ட்டுக்கு மட்டும் பயப்படாதே. 2017ல மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வச்சுது, மருந்து பூசினதுக்கு அப்ப 29,600 ரூபாய். வருஷா வருஷம் மாறும், ஆனா பழையபடி லட்சக்கணக்குல போட முடியாது. மீதிக் கருவிங்கதான் பில்லை ஏத்தறது.

கேமரான்னு நான் சொன்னது ரெண்டு வகை. ஓ.சி.டி. ஒளியில பாக்கறது, கால்சியம் எத்தனை தடிமன்னு சொல்லிடும். அரைச் சுத்துக்கு மேல சுத்தி, அரை மில்லிமீட்டருக்கு மேல தடிச்சு, 5 மில்லிமீட்டருக்கு மேல நீளமா இருந்தா ஸ்டென்ட் விரியறது கஷ்டம்னு எடுத்துக்குவாங்க. ஆனா அதுக்கு சாயம் நிறைய விடணும், உன் அப்பா கிட்னிக்கு ஒத்து வராது. ஐவஸ்னு ஒலியில பாக்கற வகைக்கு சாயம் வேண்டாம். அதைத்தான் போடுவாங்கன்னு நினைக்கறேன்.

இதெல்லாம் நடக்கற வரைக்கும் படிக்கட்டு, சுமை வேண்டாம். நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை சட்டைப் பையிலயே இருக்கட்டும். சும்மா உக்காந்திருக்கறப்பவே வலி வந்தா ஓ.பி. டோக்கனுக்கெல்லாம் காத்திருக்காதே, 108தான்.

லோகோ_ஒர்க்ஸ்_ஓய்வு | வெள்ளி, காலை 5:35

காளி, "பைப்பே பாதி சிமெண்ட்" என்றீர்களே, இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பாய்லரில் அப்படி ஆனால் டியூபையே மாற்றிவிடுவோம். பைபாஸ் என்பது அதுதானே?

கேத்லேப்_காளி | வெள்ளி, காலை 8:48

கிட்டத்தட்ட ஐயா. ஆனா பழைய டியூப் அங்கயேதான் இருக்கும், பக்கத்துல புதுசா ஒரு லைன் இழுத்து விடறது. ஐ.சி.எஃப். பக்கம் லூப் லைன் போட்ட மாதிரி.

கொருக்குப்பேட்டை_கேட் | 22 நாள் கழித்து, சனி, இரவு 8:15

தாமதத்துக்கு மன்னிக்கணும். அப்பா வீட்டுக்கு வந்துட்டார்.

ரெண்டு எடத்துல காட்டினோம். இன்னொரு பெரிய ஆஸ்பத்திரில ரெண்டு டாக்டருங்க சேர்ந்து பாத்து, வலது குழாய் மாத்திரையிலயே இருக்கட்டும், இடதுக்கு மட்டும் ஸ்டென்ட் போதும்னாங்க. முந்தின நாளே சலைன் ஏத்தி கிட்னிக்குப் பாதுகாப்பு பண்ணாங்க. கால்சியம் முழு வளையமா சுத்தி இருந்துச்சாம், ஐவஸ் கம்பியே உள்ள போகல. அதனால முதல்ல ரோட்டா. ஒன்றரை மில்லிமீட்டர் முனை, மூணு தடவை. அப்புறம் ஐவஸ் போச்சு, வளையத்துல ரெண்டு எடத்துல விரிசல் தெரிஞ்சுதாம். பலூன் 18லயே முழுசா விரிஞ்சிடுச்சு. ஷாக்வேவ் தேவைப்படல. முதல் ஆஸ்பத்திரி சீட்டுல பெரிய தொகையே அதுதான்.

அப்பா முழிச்சிக்கிட்டேதான் இருந்தார். "கையில ஊசி போட்டது வரைக்கும்தான் வலி. அப்புறம் யாரோ பக்கத்துத் தெருவுல லேத் ஓட்டற மாதிரி சத்தம்"னார். தன் நெஞ்சுக்குள்ளதான் ஓடுச்சுன்னு சொன்னப்பறம்தான் வேர்த்துப் போனார். கிரியாட்டினின் மூணாம் நாள் 1.8, இப்ப 1.6.

ஒரு கேள்வி இருக்கு. டிக்காக்ரெலார்னு ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை குடுத்திருக்காங்க. அதை சாப்பிட்டா திடீர்னு மூச்சு பத்தாத மாதிரி இருக்குதாம், கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. காலைல ஒன்னை நான் பாக்காதப்ப முழுங்காம வச்சுட்டார்.

கேத்லேப்_காளி | சனி, இரவு 8:21

இப்பவே முழுங்கச் சொல்லு. அந்த மாத்திரைக்கு மூச்சு அப்படி வர்றது தெரிஞ்ச பக்கவிளைவுதான், ஆனா அதுதான் காரணம்னு டாக்டர் பாத்துச் சொல்லணும். ஒத்துக்கலன்னா வேற மாத்திரை மாத்தித் தருவாங்க. அதுவரைக்கும் ஒரு வேளைகூட விடக் கூடாது. புது ஸ்டென்ட், ஒரே வாரத்துல உறைஞ்சு அடைச்சுக்கிட்டு வந்தவங்களை நான் டேபிள்ல பாத்திருக்கேன்.

கொருக்குப்பேட்டை_கேட் | சனி, இரவு 8:34

முழுங்கிட்டார். அத்தைதான் எதிர்ல நின்னாங்க. நாளைக்கு ஓ.பி. இல்ல, இப்பவே டாக்டர் குடுத்த நம்பருக்குப் போன் போடறேன்.